லெஸ்டரிலிருந்து திருமங்கலத்துக்கு ஒரு பழைய துப்பாக்கி

ராத்திரி பதினொன்றரைக்கு லெஸ்டரிலிருந்து போன். அண்ணன் மகன்தான். "அத்தை, ஒரு துப்பாக்கி வாங்கிட்டேன். நம்ம திருமங்கலம் வீட்டு ஹால்ல மாட்டணும். நூத்தி அறுபது வருஷத்துக்கு மேல பழசு. ஆண்டிக்னு பில்லுலயே போட்டிருக்கு, லைசென்ஸே வேண்டாமாம்."

"யார் சொன்னா?"

"கடைக்காரர்."

வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவள் நான். அதில் ஆறு வருஷம் ஆயுத உரிமப் பிரிவு. அப்பா பெயரிலிருந்து மகன் பெயருக்கு மாற்ற வந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி முதல், பரணில் கிடந்த துருப்பிடித்த நாட்டுத் துப்பாக்கியைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்து "இத என்னம்மா பண்ண?" என்று கேட்ட பாட்டி வரை பார்த்தாயிற்று. அதனால் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "லைசென்ஸ் வேண்டாம்னு அவர் சொன்னது அவங்க ஊருக்கா, நம்ம ஊருக்கா?"

பழைய துப்பாக்கியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நினைக்கிற எல்லோரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஆண்டிக் என்பது ஒரே சொல், நாட்டுக்கு நாடு அர்த்தம் வேறு.

அமெரிக்காவில் 1898 அல்லது அதற்கு முன் செய்தது உள்நாட்டுச் சட்டப்படி ஆண்டிக். அதே துப்பாக்கியை நாட்டைவிட்டு அனுப்பும்போது அங்கேயே வேறு கணக்கு, 1890-க்கு முந்தியதா என்று பார்ப்பார்கள். பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு. அழகுக்காகவோ அரும்பொருளாகவோ வைத்திருக்கும் பழைய துப்பாக்கிக்கு அது விலக்கு தருகிறது. எது பழசு என்பதில் நெடுநாள் இழுபறி இருந்து, 2021-இல் விதி போட்டார்கள்: 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்திருக்க வேண்டும், தோட்டா போடும் வகை என்றால் அந்தத் தோட்டா வழக்கொழிந்தவற்றின் பட்டியலில் இருக்க வேண்டும். அந்த விதி வந்தபோது ஏழு வகைத் தோட்டாக்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதுவரை கண்ணாடி அலமாரியில் சும்மா இருந்த ரிவால்வர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்து, லைசென்ஸ் எடு, இல்லையென்றால் ஒப்படை என்று சொல்லிவிட்டார்கள். ஆக, விற்கிறவர் பத்து வருஷம் முன்னால் எழுதிக்கொடுத்த சீட்டை இன்றைக்கு நம்பிவிடக் கூடாது.

இனி நம் ஊர். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பிரிவு 45, உட்பிரிவு சி. வழக்கொழிந்த வகை, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது — இப்படிப்பட்ட ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது. பலர் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வாக்கியம் முடியவில்லை ஐயா. பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலையில் அது இருக்க வேண்டும் என்பது மிச்சம். முழு உயிரும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. வயது மட்டும் போதாது. வெடிக்காது என்பது மட்டும்கூடப் போதாது. விவரமான ஒரு பட்டறைக்காரர் உட்கார்ந்தால் சரிசெய்துவிடுவார் என்றால் சட்டத்தின் கண்ணில் அது ஆயுதம்தான்.

சந்தேகம் இருந்தால் ஆயுத விதிகளின் முதல் அட்டவணையைப் பாருங்கள். நான்காம் வகை என்று ஒன்று இருக்கிறது: அரும்பொருள், வரலாற்று ஆயுதங்கள், ஆனால் 45(சி)-யில் விலக்கப்பட்டவை நீங்கலாக. பழசாக இருந்தும் விலக்குக்குள் வராத துப்பாக்கி உண்டு என்பதைச் சட்டமே அங்கே ஒப்புக்கொள்கிறது.

"2020-ல மாத்திட்டாங்களே அத்தை, நெட்ல பார்த்தேன்" என்றான் பையன். பாதி சரி. 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அறிவிப்பு வந்தது. அரும்பொருள் வகைச் சிறு ஆயுதத்தை இந்தியக் குடிமகன் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டாம். ஆனால் பயன்படுத்த, எடுத்துச் செல்ல, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்ப உரிமம் வேண்டும். திருமங்கலத்தில் ஏற்கெனவே சுவரில் தொங்குகிற துப்பாக்கிக்கு இது பெரிய நிம்மதி. லெஸ்டரில் இருக்கும் துப்பாக்கி தானாக நடந்து வராதே! எல்லை தாண்டிக் கொண்டுவருவதற்குத் தனியாகப் பிரிவு 10 இருக்கிறது: கடல், தரை, வான் எந்த வழியானாலும் ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவர உரிமம் வேண்டும். வைத்திருப்பது ஒரு கேள்வி, கொண்டுவருவது இன்னொரு கேள்வி. ஒன்றுக்குச் சொன்ன பதிலை மற்றதற்குப் பொருத்தினால் சிக்கல்தான்.

சரி, வேலைக்கு வருவோம். காசு கொடுப்பதற்கு முன்னால் படம் கேளுங்கள். இவன் கொடுத்துவிட்டான், அது வேறு கதை. கடைக்காரர் எடுக்கும் அழகுப் படம் உதவாது. நான் கேட்டது பதினான்கு படம், ஒவ்வொன்றிலும் பக்கத்தில் ஸ்கேல். விசைக்கு மேலே பக்கவாட்டில் இருக்கும் இரும்புத் தகடு. அதில் ஒரு கிரீடம், 1857 என்ற ஆண்டு, டவர் என்ற சொல். குதிரை, அதாவது விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் சுத்தி, தூக்கிய நிலையில் ஒன்று, இறங்கிய நிலையில் ஒன்று. குதிரையின் வாய் வந்து அடிக்கும் முலைக்காம்பு போன்ற சின்னக் குழாய், கேப்பு என்கிற சின்ன வெடிமூடி மாட்டுகிற இடம்; அதன் துளை திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று தெரிகிற மாதிரி. குழலின் பின்பகுதியில் இருக்கும் சோதனை முத்திரைகள். குழல் வாயிலிருந்து உள்ளே டார்ச் அடித்து ஒன்று. கட்டையில் குத்தியிருக்கும் வட்ட முத்திரை. கெட்டிக்கும் கம்பி தனியாக.

வந்த படங்களைப் பார்த்ததும் புரிந்தது. 1853 மாதிரி என்ஃபீல்டு. குழல் 39 அங்குலம், விட்டம் .577, குழலைக் கட்டையோடு பிடிக்க மூன்று பட்டை. வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிப்பது. 1857 கலகத்தில் எந்தத் தோட்டாக் காகிதத்தின் கொழுப்பைப் பற்றிச் சிப்பாய்கள் கொதித்தார்களோ, அந்தத் தோட்டா இந்த மாதிரித் துப்பாக்கிக்குத்தான். பையன் ஆசைப்பட்டதில் தப்பில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்தால் விற்கிறவர் கதை சேர்ப்பார். ஊமைத்துரை படையில் இருந்தது, மருது பாண்டியர் காட்டிலிருந்து எடுத்தது என்று. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர். அந்த வருஷம் டிசம்பரில் கம்பெனி அறிக்கை போட்டு, பாளையங்களின் ஆயுதங்களையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டது. (இந்தச் சீமைக்கும் ஆயுத உரிமத்துக்கும் அப்போதிருந்தே பகை.) கேப்பு வைத்து வெடிக்கும் துப்பாக்கி அதற்கெல்லாம் பிறகு வந்தது. அந்தக் காலத்தது என்றால் பெரும்பாலும் சக்கிமுக்கிக் கல்லோ திரியோ இருக்க வேண்டும். சந்தையில் திரியும் கம்பெனி காலத்து மஸ்கட்டுகளில் (வாய் வழியாகக் கெட்டிக்கும் நீளத் துப்பாக்கிகள்) நிறைய, 2003-இல் நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து மொத்தமாக அமெரிக்காவுக்குப் போனவை. அது நல்ல சரக்குதான். ஆனால் அதைச் சிவகங்கைச் சரக்கு என்று சொல்லக் கூடாது. கைபர் கணவாய்ப் பக்கம் பட்டறைகளில் செய்த நகல்களும் உண்டு. முத்திரையில் எழுத்து தலைகீழாகவோ கோணலாகவோ இருந்தால் விலகிவிடுங்கள். நகல் என்று ஆனால் வயது போயிற்று, வயது போனால் கீழே நான் சொல்லும் பாதி வாதம் போயிற்று.

தோட்டா போடும் வகை என்றால் விட்டம் என்ன என்று முதலில் கேளுங்கள். .303 ரைஃபிள், .455 வெப்ளி ரிவால்வர், .38 எல்லாம் இங்கே தடை செய்யப்பட்ட விட்டத்தில் வருபவை. உலகப் போர் நினைவாக வெப்ளி கொண்டுவர ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்டவர்களிடம், அந்த ஊரிலேயே பார்த்து ரசித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பையனுடையது வேலை செய்யும் துப்பாக்கி. குதிரை டக்கென்று விழுகிறது, துளை திறந்திருக்கிறது, குழல் சுத்தம். ஆக 45(சி) கிடையாது. அவனுக்கு இரண்டு வழி இருந்தது.

ஒன்று, உயிருள்ள துப்பாக்கியாகவே கொண்டுவருவது. அதற்கு இங்கே உரிமம், மேலே இறக்குமதி உரிமம். ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கையில் துப்பாக்கி கட்டுப்படுத்தப்பட்ட இனம் என்பதால் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அனுமதிக் கேள்வியும் கூடவே வரும். குடியிருப்பை மாற்றிக்கொண்டு நிரந்தரமாகத் திரும்பி வருபவருக்கு மட்டும் ஒரு சலுகை: அனுமதிக்கப்பட்ட விட்டத்தில் ஒரே ஒரு துப்பாக்கி. வெளிநாட்டில் குறைந்தது ஒரு வருஷம் அவரே வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும், இங்கே உரிமம் கையில் இருக்க வேண்டும், தீர்வை கட்ட வேண்டும், பிறகு விற்கவோ கைமாற்றவோ கூடாது. லீவுக்கு வந்துபோகிறவருக்கு அது இல்லை. அப்புறம் உரிமம் என்றால் அதன் கூடவே வரும் தொல்லைகளும் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். எழுபது வயது அண்ணன் நாலரை அடிக்கு மேல் நீளமான துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போவதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஏற்கெனவே செத்துப்போன துப்பாக்கியாகப் பார்த்து வாங்குவது. பிரிட்டனில் துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்து, லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில் காட்டி, முத்திரையும் சான்றிதழும் வாங்கும் முறை இருக்கிறது. "இப்பவே இதை ஓட்டை போட்டுடலாமா அத்தை?" என்றான். எனக்கு மனசு வரவில்லை. 1857-லிருந்து பிழைத்து வந்ததை, நம் வீட்டுச் சுவருக்காகக் கொல்வானேன்? அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு யாரோ எப்போதோ செயலிழக்கச் செய்த, சான்றிதழோடு கூடிய ஒன்றைத் தேடச் சொன்னேன். நான்கு மாதம் தேடினான். அதே மாதிரி, 1861 போட்டது, ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைத்தது. குழலுக்குள் உருக்குக் கம்பியை விட்டுப் பற்றவைத்து, கேப்புத் துளையையும் அடைத்திருந்தார்கள். சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுவருக்கு அது தெரியாது.

பிரிட்டிஷ் சான்றிதழ் இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது என்பதை மறக்க வேண்டாம். அது ஒரு நல்ல சாட்சி, அவ்வளவுதான். முடிவு நம் அதிகாரியுடையது. அதனால்தான் பொருளை அனுப்புவதற்கு முன்பே மனு.

மனு யாருக்கு? மதுரை மாநகர எல்லைக்குள் வீடு என்றால் போலீஸ் கமிஷனர். கமிஷனர் உள்ள ஊரில் மாவட்ட நடுவர் என்றால் அவரைத்தான் குறிக்கும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்றால் கலெக்டர் அலுவலகம். நரிமேட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்து "சம்பந்தப்பட்ட அலுவலகத்தை அணுகவும்" என்று பதில் வாங்கிய கதை எனக்குத் தெரியும். அந்தப் பதிலைத் தட்டச்சு செய்ததே நான்தான்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அனுமதி தாருங்கள் என்று எழுதாமல், இந்தப் பொருள் 45(சி)-க்குள் வருகிறதா என்று தெளிவுபடுத்தி எழுத்தில் தாருங்கள், வராது என்றால் எந்தப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் தெரிவியுங்கள் என்று எழுதுங்கள். இரண்டாவது வரி முக்கியம். அது இல்லாவிட்டால் இல்லை என்ற ஒரே சொல்லோடு கோப்பை மூடிவிடலாம். அது இருந்தால் மூட முடியாது. இணைப்பாகப் பதினான்கு படம், பில், சான்றிதழ், வாங்கியவரின் பாஸ்போர்ட் நகல், எந்த வீட்டில் எந்த அறையில் இருக்கப்போகிறது என்பது.

படிவத்திலும் விசாரணையிலும் வரிசை எண் கேட்பார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் வரிசை எண் கிடையாது, படைப்பிரிவு எண் ஏதாவது குத்தியிருந்தால் உண்டு. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கோப்பு திரும்பி வரும். கண்ட எண்ணை எழுதினால் நாளைக்கு விமானக் கிடங்கில் பொருந்தாது. "வரிசை எண் இல்லை, அடையாளம்: தகட்டில் கிரீடம், 1861, டவர், குழல் 39 அங்குலம், கட்டையின் வலப்புறம் குத்திய எண் இன்னது" என்று எழுதி, அதே வாசகத்தை ஓர் எழுத்து மாறாமல் பில்லிலும் ஏற்றுமதித் தாளிலும் போடச் சொல்லுங்கள். என் ஆறு வருஷ அனுபவத்தில் தாமதமான கோப்புகளில் பெரும்பாலானவை சட்டச் சிக்கலால் நிற்கவில்லை. ஒரு தாளில் ரைஃபிள், இன்னொன்றில் மஸ்கட், மூன்றாவதில் வெறும் துப்பாக்கி; அதில்தான் நின்றன.

எங்களுக்கு ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து வீட்டைப் பார்த்தார். தாலுகா அறிக்கை போயிற்று. ஆயுதம் தெரிந்த போலீஸ்காரரிடம் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். ஏழு மாதம் கழித்து, பொருள் வந்ததும் நேரில் பரிசோதனைக்கு உட்பட்டு என்ற வாலோடு கடிதம் வந்தது. வால் இருந்தாலும் கடிதம் கடிதம்தான்.

அந்தப் பக்கம் அனுப்பும் வேலை. 1938-க்கு முந்திய மஸ்கட், ரைஃபிள், கார்பைன், 1890-க்கு முந்திய கைத்துப்பாக்கி, ரிவால்வர் எல்லாம் பல நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட வாசனார் ராணுவப் பட்டியலில் வராது. அது ஒரு தலைவலி குறைவு. ஆனால் பிரிட்டனில் 50 வருஷத்துக்கு மேற்பட்ட பண்பாட்டுப் பொருளுக்கு, மதிப்பைப் பொறுத்து, தனி ஏற்றுமதி உரிமம் உண்டு. விலை உயர்ந்த சரக்கு என்றால் விற்பவரையே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சாதாரணக் கூரியரில் போடாதீர்கள். பையன் விசாரித்த கூரியர் ஒன்றில் கவுன்டரில் சரி என்று சொல்லி வாங்கி, ஆறு நாள் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள், கட்டணம் போனது போனதுதான். சரக்கு முகவர் மூலம், சென்னைக்கு நேராக வரும் விமானத்தில் போடுவது நல்லது. மதுரைக்கே வரட்டும் என்று துபாய், சிங்கப்பூர் வழியாகக் கொண்டுவந்தால் நடுவில் இருக்கும் நாட்டின் சட்டமும் நம் தலையில் ஏறும்.

செய்யவே கூடாத மூன்று காரியம். சுவர் அலங்காரப் பொருள் என்று பில் போடுவது. திறந்து பார்த்த அடுத்த நிமிஷம் அது தவறான அறிவிப்பு, பறிமுதலும் அபராதமும் வரும். பிரித்துப் பிரித்து அனுப்புவது. ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்துத்தான் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது, குழல் ஒரு பெட்டி விசை ஒரு பெட்டி என்று அனுப்பினால் ஒரு வழக்குக்கு இரண்டு வழக்கு. அப்புறம், அழகாக இருக்கிறதே என்று பழைய கேப்பு டப்பா, மருந்துக் குடுவையைக் கூடவே வைப்பது. குடுவை காலி என்று நீங்கள் நினைப்பீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் கருமருந்துக்கு அது தெரியாது.

மீனம்பாக்கம் சரக்கு வளாகத்தில் கிளியரிங் ஏஜென்ட் பிடிக்கும்போது, இதற்கு முன் ஓவியம், சிலை, பழம்பொருள் எடுத்துக் கொடுத்தவரா என்று கேளுங்கள். மொபைல் உதிரிபாகம் மட்டும் எடுப்பவர் பழக்கத்தில் 93-ஆம் அத்தியாயம் என்று எழுதிவிடுவார். சுங்கத் தீர்வை அட்டவணையில் 93 ஆயுதங்களுக்கானது. ஆனால் அதன் தொடக்கக் குறிப்பிலேயே சேகரிப்புப் பொருளும் பழம்பொருளும் இதில் சேராது, 9705, 9706-க்குப் போ என்று இருக்கிறது. 9706 என்பது 100 வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருள். தகட்டில் இருக்கும் 1861 உங்களுக்குச் சோறு போடும் இடம் இதுதான். ஆனால் தீர்வைத் தலைப்பு மாறியதால் ஆயுதச் சட்டம் விலகிவிடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அதிகாரியிடம் சட்டம் பேசப் போகாதீர்கள். முதலில் கலெக்டர் ஆபீஸ் கடிதம், அடுத்து சான்றிதழ், அதற்கு அடுத்து தலைப்பு. இந்த வரிசையில் நீட்டுங்கள்.

எங்கள் பெட்டி பத்தொன்பது நாள் கிடந்தது. டெமரேஜ், அதாவது கிடங்கில் கிடப்பதற்கான தாமதக் கட்டணம், ஏறியது. பரிசோதிக்க வந்தவர் மெல்லிய கம்பியைக் குழலுக்குள் விட்டார். இரண்டு விரற்கடைகூடப் போகவில்லை. கேப்பு இடத்தை ஊசியால் குத்திப் பார்த்தார். படத்தையும் பொருளையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்காகத்தான் பெட்டியை ஆணி அடிக்காமல் திருகாணி போட்டு மூடச் சொல்லியிருந்தேன். உடைக்காமல் திறந்து, அப்படியே மூடினார்கள்.

கொண்டுவருவதற்கு முன் யோசிக்க வேண்டிய இன்னொன்றைக் கடைசியில் சொல்கிறேன், பையனிடமும் கடைசியில்தான் சொன்னேன். 100 வருஷத்துக்கு மேற்பட்ட வரலாற்றுப் பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். அப்படிப்பட்டதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. இன்றைக்கு லெஸ்டரிலிருந்து வந்ததை, நாளைக்கு மருமகளுக்குப் பிடிக்கவில்லை என்று லெஸ்டருக்கே திருப்பி அனுப்புவது வந்ததைவிடப் பெரிய பாடாகிவிடும். கொண்டுவந்தால் கொண்டுவந்ததுதான்.

இப்போது திருமங்கலம் வீட்டு ஹாலில், அண்ணியின் தையல் மெஷினுக்கு மேலே, தேக்குப் பலகையில் மாட்டியிருக்கிறது. பலகையின் பின்பக்கம் பிளாஸ்டிக் உறையில் கடிதம், சான்றிதழ், சுங்க ரசீது மூன்றின் நகலும் ஒட்டியிருக்கிறது. அசல் பேங்க் லாக்கரில். ஸ்டேஷனுக்குப் புதிதாக எஸ்.ஐ. மாற்றலாகி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் வந்து கேட்கிறார்கள். அண்ணன் துப்பாக்கியைக் கழற்றுவதில்லை, பலகையை மட்டும் திருப்பிக் காட்டுகிறார்.